இடது கை

இனயத்தில் ஐஸ் இறக்கிவிட்டு
வண்டியைத் திருப்பும்போதுதான் பார்த்தேன்.
தூண்டில் வளைவுப் பாறைகளின் இடுக்கில்
ஆனி மாதத்து அலை
அவனைக் கொண்டுவந்து வைத்திருந்தது.
பச்சைக் கட்டம் போட்ட சாரம்.
தோளில் பச்சை குத்திய நங்கூரம்,
அதன் கீழே மங்கிப்போன இரண்டு எழுத்து.

நல்லதுக்குத்தான் எடுத்தேன்.
இதைப் போலீசிடமும் சொன்னேன்,
பங்குச் சாமியாரிடமும் சொன்னேன்.
யாரென்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லலாமே என்று
'கடல் சொந்தங்கள்' குழுவில் போட்டேன்.
இருநூற்று முப்பத்தேழு பேர்.
"ஆளத் தெரிஞ்சா சொல்லுங்க மக்கா."
மக்கா என்றுதான் எழுதினேன்.

வள்ளம் திரும்பாமல்
ஒரு ராத்திரியும் ஒரு பகலும்
வாணியக்குடியில் மெற்றில்டா
போனைக் கையில் வைத்தபடி இருந்திருக்கிறாள்.
சத்தம் வந்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறாள்.
சாமியாரும் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேரும்
எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பேசிக்கொண்டே
குருசடி முக்குத் திரும்பும் முன்னால்
என் படம் அவள் வீட்டுக்குள் போய்விட்டது,
செருப்பைக் கழற்றாமல்.

எல்லோருக்கும் அழி என்றொரு பொத்தான் இருக்கிறது.
அமுக்கினேன்.
அழிந்தது, அந்த ஒரு குழுவில்.
அதற்குள் அது குளச்சல் தாண்டி, தோட்டியோடு தாண்டி,
மஸ்கட்டில் கம்பெனி அறையில் படுத்துக்கிடந்த
என் மைத்துனனிடம் போயிருந்தது.
அவன் எனக்கே அனுப்பினான்:
"பாத்தியாண்ணே, பாவம்."
தலைமேல் இரட்டை அம்பு.

அந்த மாதம் முழுக்க ததேயு
எங்கோ கவிழ்ந்த கப்பலின் மாலுமியாக வந்தான்,
கந்துவட்டிக்காரன் அடித்துக் கொன்றவனாக வந்தான்,
பத்துப் பேருக்கு அனுப்பாதவன் மனிதனே இல்லை
என்ற மிரட்டலோடு வந்தான்.
கடைசியில் ரோஜாப்பூச் சட்டம் போட்டு
யாரோ ஒருத்தியின் ஸ்டேட்டஸில்.
கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தாள்.
நங்கூரம்கூட இல்லை.
ஒவ்வொன்றுக்கும் புகார் கொடுத்தேன்.
நன்றி, பரிசீலிக்கிறோம் என்றது.

என் போனில் இருந்ததை முதல் நாளே அழித்துவிட்டேன்.
குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன்.
அதை ஒரு புண்ணியம்போல் நினைத்திருந்தேன்.

நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்து
அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன்.
வாங்கப்போகும் ஏச்சுக்காகக்
காலையிலிருந்து சாப்பிடவில்லை.
அவள் சோறு வடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் எடுத்ததா?"

"ம்."

"எனக்கு வாறது எல்லாம் முகம்தான்.
முகத்த ஆசாரிப்பள்ளத்துல வச்சே பாத்தாச்சு.
வெள்ளத்துணி சுத்தி, அத மட்டும்தான் காட்டுனாங்க.
எடது கையில எளையவ செவப்பு ரிப்பன் கட்டி விட்டிருந்தா.
அது இருந்துதாண்ணு தெனமும் கேக்கா.
முழுப்படம் உங்ககிட்ட இருக்குமில்லா?"

நான் கையை விரித்தேன்.
அந்த இடத்தில் செய்யக்கூடாத சைகை.

யோசித்துப் பார்த்தேன்.
பாறை ஞாபகம் இருக்கிறது. சாரம் இருக்கிறது.
வெயில் எதிரே அடித்ததால்
இரண்டடி தள்ளி நின்று
திரையின் வெளிச்சத்தைக் கூட்டியது இருக்கிறது.
கை மட்டும் இல்லை.
நான் அவனைப் பார்க்கவே இல்லை.
சட்டத்துக்குள் முழுசாக வருகிறானா என்றுதான் பார்த்தேன்.

இருந்தது என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
ஒரே ஒரு சொல்.
நல்லதுக்குத்தான்.

"தெரியாது" என்றேன்.

சாம்பல் தேய்க்கும் சத்தம்
கொஞ்சம் நின்று
மறுபடி தொடங்கியது.
வீட்டுக்குள்ளே எங்கோ போன் கிணுங்கியது.
ஒரு சின்னப்பெண்
எடுத்துப் பார்க்க ஓடினாள்.